பேசச் சொன்னால் "அனுபவம்தான்" என்கிறார், வரையச் சொன்னால்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் இராணுவப் பயிற்சிப் பிரிவில் இளம் அதிகாரி. சீக்கிரம் ஓய்வு பெறப் போகிற மூத்த சார்ஜன்களிடமிருந்து ஆட்களை வழிநடத்தும் நுணுக்கத்தை வாங்கி, புதிதாக வரும் லெப்டினன்களுக்குப் பாடமாக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். பேட்டி எடுத்தால் "எல்லாம் அனுபவம்தான்", "ஆளுங்களைக் கவனிக்கணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வரையச் சொல்லிப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்களாம். அது வேலைக்கு ஆகுமா, பட்டறைகளில் நேரம் போக்கும் விளையாட்டா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர்களுக்குத் தெரிந்ததை வெளியே கொண்டுவர முடியுமா என்பது ஒன்று. வந்ததை இன்னொருவர் தலையில் ஏற்ற முடியுமா என்பது அடுத்தது. முதலாவதுக்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் கொஞ்சம் நிதானம் தேவை.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் ஊர் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராம். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், இன்னொரு பக்கம் தரைப்படையின் போர்ப் பயிற்சி மையமான புலாடா. தோட்டத்து லயத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர், நானும் அப்படித்தான். காலாட்படையில் இருந்து, பிறகு பயிற்சியாளராகி, ஓய்வுக்குப் பின் தோட்டங்களில் மண்டோர்களுக்கு, அதாவது வேலையாட்களை நடத்தும் கங்காணிகளுக்கு, மேற்பார்வைப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இரண்டு இடத்திலும் இந்த வரையும் முறையைச் செய்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது செக்‌ஷன், பிளட்டூன் என்ற சிறு பிரிவுகளின் அளவுதான். பட்டாலியன் என்ற பெரிய பிரிவையும் அதற்கு மேலும் நடத்துகிறவர்களோடு செய்து பார்த்ததில்லை. அதனால் அந்த மட்டத்துக்கு என் பேச்சை அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

சுருக்கமான பதில்: ஆகும். ஆனால் படத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான படங்கள் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதவையாக இருக்கும். எந்தக் கோட்டை முதலில் போட்டார், எதைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினார், எங்கே கை நின்றது, எதைப் போடாமலே விட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்கும் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

சார்ஜன்கள் சொல்ல மறுக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களால் சொல்ல முடிவதில்லை. மைக்கேல் போலனி என்ற தத்துவ அறிஞர் 1966-ல் இதை ஒரே வரியில் எழுதினார்: நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம். 1980-களில் கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் தீயணைப்புக் குழுத் தலைவர்களிடம் பேசிப் பேசி இதை ஆராய்ந்தார். அந்த வேலைக்கு ஆதரவு கொடுத்தது அமெரிக்க இராணுவத்தின் ஆய்வு நிறுவனம். அவர் பதிவு செய்த ஒரு சம்பவம் உங்களுக்கு ரொம்பவும் பொருந்தும். ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. குழுத் தலைவர் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார். தீ அடங்கவில்லை. திடீரென்று எல்லாரையும் வெளியே வரச் சொல்கிறார். வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற தரை இடிந்து விழுந்தது. தீயின் மூலம் கீழே, நிலவறையில் இருந்திருக்கிறது. ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால், தனக்கு ஏதோ அபூர்வ சக்தி என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். சம்பவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்ட பிறகுதான் விவரம் வந்தது: அந்த அளவு தீக்கு அறை மிஞ்சிய சூடாக இருந்தது, சத்தம் மிகக் குறைவாக இருந்தது, தண்ணீருக்குத் தீ மசியவில்லை. மூன்றும் சேர்ந்து, அவருக்குத் தெரிந்த சமையலறைத் தீ இது இல்லை என்று உணர்த்தியிருக்கின்றன.

வரைவது ஏன் இதற்குப் பொருந்துகிறது என்பதற்கு சதுரங்க ஆராய்ச்சியைச் சொல்வேன். 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் செய்தது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில விநாடி காட்டி மறைத்தால், கைதேர்ந்த ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் சரியாகத் திரும்ப அடுக்கிவிடுவார், புதியவர் திணறுவார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆக, தேர்ந்தவருக்கு நினைவாற்றல் அதிகம் என்று சொல்ல முடியாது. எது எதோடு சேர்ந்தது என்ற அமைப்பு அவர் கண்ணுக்குத் தெரிகிறது. காட்டில் பிளட்டூன் நடத்துகிறவருக்கும் நிலம், ஆள், தூரம், நேரம் எல்லாம் இப்படிக் கூட்டாகத்தான் தெரியும். அதை வாயால் சொல்லச் சொன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த வரிசையில் பாதி உதிர்ந்துவிடும். தாளில் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கிறது. பட்டாளத்துக்காரர்களுக்கு இது அந்நியமும் இல்லை. உத்தரவு கொடுக்கும்போது குச்சி, இலை, கல் வைத்துத் தரையில் மாதிரி செய்து காட்டிப் பழகியவர்கள்தானே.

ஒரு படத்தைக் கிட்டத்தில் காட்டினால் உங்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் சார்ஜன் ஒருவர். அவரிடம் முன்பே பேட்டி எடுத்திருந்தேன். உங்களுக்குக் கிடைத்த அதே "ஆளுங்களைக் கவனிக்கணும்" தான் எனக்கும் கிடைத்தது. அப்புறம் ஒரு நாள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாஜோங் பேப்பரை, அந்தப் பெரிய வெள்ளைத் தாளை, விரித்து, ஏதாவது ஒரு பயிற்சி நடையில் கஷ்டமான ஒரு மணி நேரத்தை மட்டும் வரையுங்கள் என்றேன். இரண்டு கோடு போட்டார், ஆறு. குறுக்கே ஒரு கோடு, கயிறு. கரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள், ஆட்கள். தனக்கு ஒரு பெருக்கல் குறி. எல்லாம் மளமளவென்று வந்தது. கடைசியிலிருந்து மூன்றாவது ஆளுக்கு வந்ததும் மார்க்கர் நின்றது. கொஞ்சம் யோசித்து, அந்தக் கோட்டை மற்றவற்றைவிடக் கெட்டியாக, வரிசையை விட்டு விலக்கிப் போட்டார்.

வரைந்து முடித்ததும் அந்தக் கோட்டைத் தொட்டு, இது யார் என்று கேட்டேன். "புதுப் பையன். காலையிலிருந்து வாயை மூடாம கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தான். ஆத்துக்கு வர்றதுக்கு முந்தி பேச்சு நின்னுபோச்சு." நீங்கள் என்ன செய்தீர்கள்? "கயிறு சரியில்லைன்னு சொல்லி எல்லாரையும் நிழல்ல உட்கார வச்சேன். தண்ணி குடிக்கச் சொன்னேன். கயிறு நல்லாத்தான் இருந்துச்சு." பையனுக்காக நிற்கிறோம் என்று நேராகவே சொல்லியிருக்கலாமே? "சொன்னா அன்னைக்கு ராத்திரி மத்தவங்க அவனை விட மாட்டாங்க. அடுத்த தடவை முடியலைன்னா அவன் வாயே திறக்க மாட்டான்."

ஒரு கோட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். வெப்பத்தால் உடம்பு தளரும்போது ஆளின் நடத்தை மாறும் என்பது எல்லாப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்கிற விஷயம். ஆனால் எந்த ஆளுக்கு எது மாற்றம் என்பது அன்று காலையிலிருந்து அவனைக் கேட்டுக்கொண்டே வந்தவருக்குத்தான் தெரியும். எப்போதும் அமைதியாக இருப்பவன் அமைதியாக இருந்தால் அது சேதி இல்லை. ஆற்றில் இறங்கும் முன்பே நிறுத்தினார். இறங்கிய பின் நிறுத்த முடியாது. காரணத்தைக் கயிற்றின் மேல் போட்டார். அதனால் பையனின் மானமும் தப்பியது, அடுத்த முறை அவன் வாய் திறக்கும் வழியும் அடைபடவில்லை. "ஆளுங்களைக் கவனிக்கணும்" என்று அவர் முதலில் சொன்னது பொய்யில்லை. இத்தனையையும் அந்த இரண்டு சொல்லுக்குள் அவர் அடக்கி வைத்திருந்தார்.

சரி, எப்படிச் செய்வது. பொதுவாகத் தலைமை என்றால் என்ன, வரையுங்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் மலை உச்சியில் கொடி, கை கோத்த மனிதர்கள் என்றுதான் வரும். நடந்த ஒரு சம்பவம், அதிலும் குழப்பமான ஒரு மணி நேரம் என்று குறுக்கிக் கொடுங்கள். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். மார்க்கர் கொடுங்கள், தயக்கமும் திருத்தமும் தாளிலேயே நிற்கட்டும். இரண்டு நிறம் வையுங்கள். அந்த நேரத்தில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது கறுப்பில். பிறகு தெரியவந்தது சிவப்பில். இதை நான் ரொம்ப வலியுறுத்துவேன். முடிவு தெரிந்த பிறகு எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரிந்தது போலத்தான் தோன்றும். வரையும்போது நீங்கள் பேசக்கூடாது, தலையாட்டவும் கூடாது. அவர் சம்மதித்தால் தாளையும் கையையும் மட்டும் மேலிருந்து போனில் வீடியோ எடுங்கள். கோடுகள் வந்த வரிசை பிறகு நினைவிருக்காது.

வரிசை ஏன் முக்கியம் என்று கேட்டால், தோட்டத்து உதாரணம் ஒன்று. காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், ஆட்களைத் தோட்டத்தின் எந்த பிளாக்குக்கு அனுப்புவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டு ஒரு மண்டோரை வரையச் சொன்னேன். பிளாக்குகளைப் போடுவார் என்று பார்த்தால், முதலில் ஜாகாவின், அதாவது இரவுக் காவலாளியின், குடிசையைப் போட்டார். விடியும் முன் ஜாகாவிடம் போய், ராத்திரி எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் மழை என்று கேட்பாராம். பள்ளத்து பிளாக்கில் டிராக்டர் இறங்காது என்றால், வெட்டிய குலைகள் பாதையோரம் கிடந்து வீணாகும். பத்திலிருந்து பதினான்கு நாளுக்கு ஒரு அறுவடைச் சுற்று என்ற கணக்கெல்லாம் அவர் படத்தில் கடைசியில்தான் வந்தது. முடிந்த படத்தை மட்டும் பார்த்திருந்தால் ஜாகா குடிசை ஒரு மூலையில் இருக்கும் சதுரம், கண்ணிலேயே பட்டிருக்காது.

கேள்வி கேட்கும்போது "ஏன்" என்று தொடங்காதீர்கள். 1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் இருவரும் எழுதிய ஆய்வில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். பலரும் வலது கோடியில் இருந்ததைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் அந்த இடத்தைக் காரணமாக யாரும் சொல்லவில்லை. "ஏன்" என்றதும் மனிதர்கள் நம்பும்படியான ஒரு காரணத்தை மனமறியப் பொய் சொல்லாமலேயே உண்டாக்கிவிடுவார்கள். அதனால் "இந்த இடத்தில் நின்றபோது என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டது" என்று தொடங்குங்கள். பிறகு, "புது லெப்டினன் இங்கே நின்றிருந்தால் எதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்?" என்று கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்வி கிளைனின் பேட்டி முறையிலும் உண்டு. என் அனுபவத்தில் மற்ற எல்லாக் கேள்வியையும்விட அதிகம் கொடுப்பது இதுதான். "பையன் கடைசி வரை பேசிக்கொண்டே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று ஒரு விவரத்தை மாற்றியும் கேளுங்கள். "ஏன்" கடைசியில் வரட்டும்.

மொழியையும் கவனியுங்கள். பட்டாளத்தில் உத்தரவும் அறிக்கையும் மலாயில். பேட்டியை மலாயில் தொடங்கினால் பலருக்கு வாயில் கையேட்டு வாசகம்தான் வரும்; அத்தனை வருடம் அப்படியே சொல்லிப் பழக்கம். முதலில் வரையவிட்டு, பிறகு அவர் வீட்டில் பேசுகிற மொழியில் பேசவிட்டால் பேச்சின் தன்மையே மாறுகிறது. தமிழரோ, மலாய்க்காரரோ, சரவாக்கின் பழங்குடியான ஈபானோ, இது எல்லாருக்கும் பொருந்தும். அவருக்கு மேலதிகாரியாக இருக்கிற யாரும் அறையில் இருக்கக்கூடாது. இருந்தால் படமும் கையேட்டுப் படமாகிவிடும்.

இனி உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். கைதேர்ந்தவர்கள் தங்கள் தீர்மானத்தின் காரணத்தை முழுக்கச் சொல்ல முடியாமல் இருப்பதும், அமைப்பைக் கண்டுகொண்டு செயல்படுவதும் பல துறைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. வரைவது நினைவை எழுப்ப உதவும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. கோரல் டாண்டோவும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சம்பவத்தைப் பார்த்த சாட்சிகளைத் தாங்களே வரைந்தபடி நினைவுகூரச் சொன்னார்கள். வழக்கமான நினைவூட்டல் முறைக்கு இணையாகத் தகவல் கிடைத்தது. நடக்காததைச் சேர்த்துச் சொல்வது குறைவாக இருந்தது. ஆனால் அது சாட்சிகளைப் பற்றியது. நிபுணத்துவத்தைப் பற்றியது அல்ல.

இராணுவத் தலைமையில் சொல்லப்படாத அறிவைப் பற்றிப் பெரிய அளவில் வேலை செய்தது ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு. 1990-களில் அமெரிக்கத் தரைப்படையில் பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன் என்று மூன்று மட்டத்திலும் செய்தார்கள். அதிகாரிகள் சொன்ன கதைகளிலிருந்து சூழ்நிலைகளை உருவாக்கி, ஒவ்வொரு சூழ்நிலையிலும் செய்யக்கூடியவற்றை மதிப்பிடச் சொன்னார்கள். தேர்ந்தவர்களின் மதிப்பீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்த்து மதிப்பெண். அந்த மதிப்பெண்ணுக்கும், அவர்கள் நல்ல தலைவர்களா என்று மற்றவர்கள் கொடுத்த மதிப்பீட்டுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் மிதமான தொடர்பு. கவனியுங்கள், அவர்கள் வரையச் சொல்லவில்லை; கதைகளை வைத்தே அவ்வளவு தூரம் போனார்கள். எனக்குக் கிடைத்த பலனில் படத்தின் பங்கு எவ்வளவு, ஒரே சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. கேள்வி இல்லாத படம் பயனற்றது என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

பாடமாக்கும்போது சார்ஜனின் படத்தைச் சுவரில் ஒட்டி, இதுதான் சரியான விடை என்று காட்டாதீர்கள். சம்பவத்தைத் தீர்மானம் எடுக்கும் புள்ளி வரை சொல்லி நிறுத்துங்கள். லெப்டினன்கள் தங்கள் படத்தை வரையட்டும். பிறகு சார்ஜனின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். இளைஞர்களின் தாளில் ஆறு, எதிர்க்கரை, கயிறு, காவல் எல்லாம் அழகாக இருக்கும். ஆட்கள் எல்லாம் ஒரே அளவுக் கோடு. சார்ஜனின் தாளில் ஆறு அரைகுறை, ஆனால் ஒரு கோடு மட்டும் கெட்டி. வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதே மாதிரிச் சூழ்நிலைக்கு இன்னும் இரண்டு மூன்று மூத்தவர்களின் படங்களும் இருந்தால் நல்லது. எல்லாரும் ஒத்துப்போகிற இடத்தைப் பாடமாகச் சொல்லுங்கள். வேறுபடுகிற இடத்தை விவாதத்துக்கு விடுங்கள். அனுபவசாலியும் தவறான பழக்கத்தை அனுபவம் என்று தூக்கிக்கொண்டு திரியலாம். இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கி ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். களத்தில் அவர்கள் சிறந்த தலைவர்கள் ஆனார்கள் என்று சொல்ல அது போதாது.

இந்த முறைக்கு எட்டாத விஷயங்களும் உண்டு. கையிலும் மூக்கிலும் இருக்கிற திறமை தாளில் வராது. 1948-ல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியபோது, காட்டில் தடம் பார்க்க சரவாக்கிலிருந்து ஈபான் மக்களைக் கொண்டுவந்தார்கள். மடங்கிய இலையிலும் கலங்கிய ஓடைத் தண்ணீரிலும் அவர்கள் படித்ததைக் கூடவே நடந்து பழகியவர்கள் மட்டும் ஓரளவு கற்றிருக்க முடியும். அந்த வகை அறிவுக்குப் படம் வரையச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், பையன்களை அவரோடு அனுப்பிவிடுங்கள். நம்பிக்கை, கோபம், மனம் சோர்வது போன்றவையும் நில வரைபடத்தில் நிற்காது. அவற்றுக்குக் காலக்கோடு நன்றாக வருகிறது: காலையிலிருந்து இரவு வரை ஒரு கோடு, அதன் மேல் பிளட்டூனின் மனநிலை ஏறி இறங்குவதை வரையச் சொல்லுங்கள்; திருப்பம் வருகிற இடங்களில் கேள்வி கேளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சக வீரர் இறந்த சம்பவத்தை யாராவது தானாகவே தேர்ந்தெடுத்தால், வரைவது பேச்சைவிட வேகமாக அவரை அந்த இடத்துக்கே கொண்டுபோய்விடும். நிறுத்திவிடுங்கள், பயிற்சிக் குறிப்புக்காக அதைத் தொடரக்கூடாது. அவருக்கு ஆலோசகரிடம் வழிகாட்டுங்கள். நான் உளவியலாளர் இல்லை, நீங்களும் இல்லை. அடுத்து, உண்மையான நடவடிக்கைகளை வரைய வைக்காதீர்கள். ஓய்வு பெற்றவர்களையும் 1972-ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம் விட்டுவிடாது. இடம், எண்ணிக்கை, வழி எல்லாம் உள்ள தாள் பயிற்சி அறையைவிட்டு வெளியே போனால் சிக்கல் அவருக்குத்தான். பயிற்சி நடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளில் பெயர் வேண்டாம். உங்கள் கட்டளை அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

முதலில் மூன்று பேர் போதும். "எனக்கு வரைய வராது" என்று மூவரும் சொல்வார்கள். கோடும் வட்டமும் போதும் என்று சொல்லி, நீங்களே முதலில் ஒரு மோசமான படத்தை அவர் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள், கை வந்துவிடும். முதல் சுற்று முடிந்ததும் நீங்கள் கேட்ட கேள்விகளை, இடமும் பெயரும் எடுத்துவிட்டு, இங்கேயே போடுங்கள். எந்தக் கேள்வி வாயை அடைத்தது, எது திறந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.